திருவான்மியூர் தாரா புக்ஸ்: விரல்களால் பார்க்க வேண்டிய ஓவியங்கள்

ஓவியமும் வரைகலையும் பயிலும் மாணவர்கள், புதிதாக எதையாவது பார்க்க எங்கே போகலாம் என்று கேட்கும்போதெல்லாம், திருவான்மியூர்க் கடற்கரைக்கு அருகில் உள்ள தாரா புக்ஸ் கட்டடத்துக்குப் போய்வரும்படி சொல்வது என் வழக்கம். கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கிய இப்பதிப்பகத்தின் விற்பனைக் கூடமும் ஓவியக் காட்சிக்கான இடமும் இங்கேயே இருக்கின்றன. கைப்பேசித் திரையில் ஒரு நாளைக்கு நூறு ஓவியங்களைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள், இங்கே ஒரே நூலுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் எடுக்க வேண்டியது, 2006இல் வெளிவந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. மத்தியப் பிரதேசத்தின் கோண்டுப் பழங்குடி ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேத்தி ஆகிய மூவரும் வரைந்த மரங்கள் அதில் இருக்கின்றன. பகலெல்லாம் நிழலும் உணவும் கொடுத்துக்கொண்டிருக்கும் மரங்கள், எல்லோரும் போன பிறகு இரவில்தான் தம் உண்மை உருவைக் காட்டுகின்றன என்ற கோண்டு நம்பிக்கையிலிருந்து பிறந்த நூல் என்பதால், தாள் முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பின்மேல் விரலை மெல்ல ஓட்டினால், மை சற்றே மேடேறி நிற்பது தெரியும். கல்யாணப் பத்திரிகைக்கும் மஞ்சள் பைக்கும் நாம் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான் இது; சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையைத் தாளில் இறக்கும் முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி வலைச்சட்டம் செய்து, ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்ததை அதன்மேல் ஏற்ற வேண்டும். தாள் மயிரிழை நகர்ந்தாலும் இலை ஓரிடத்திலும் அதன் நரம்பு வேறிடத்திலும் போய் விழும். கையால் செய்த தாளில் சென்னையிலேயே கையால் அச்சிட்டு, கையாலேயே தைத்துக் கட்டுகிறார்கள் என்பதை அறிந்த பிறகு, அச்சுக்கு வந்த ஓவியத்தை வெறும் நகல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பஜ்ஜு ஷ்யாமின் 'தி லண்டன் ஜங்கிள் புக்' வேறு வகையான வியப்பு. உணவகச் சுவரில் ஓவியம் வரைய லண்டனுக்குப் போன அவர், அங்கே கண்ட பிக் பென் கடிகாரக் கோபுரத்தைச் சேவலாகவும், சுரங்க ரயிலை மண்புழுவாகவும், தம்மை ஏற்றிச் சென்ற 30ஆம் எண் பேருந்தை விசுவாசமுள்ள நாயாகவும் வரைந்தார். மரபுக்கலை என்றாலே பழங்கதையைத் திரும்ப வரைவது என்று எண்ணுவோருக்கு இதைவிடப் பொருத்தமான பதிலை நான் கண்டதில்லை. ஜோய்தேப், மொய்னா சித்ரகார் இருவரும் வங்காளப் படச்சுருள் மரபில் வரைந்த 'சுனாமி' நூலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மடிப்பு மடிப்பாக நீண்ட சுருளாகவே விரியும் அதை, 2004இல் அதே அலையைக் கண்ட கரையில் நின்று பார்ப்பது எளிதாக இல்லை.

குறைகளும் உண்டு. கைவேலை நூல்களின் விலை சாதாரண நூல்களைவிடப் பல மடங்கு என்பதால், மாணவர் ஒருவர் நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது. பெரும்பாலான நூல்களின் உரை ஆங்கிலத்தில் இருப்பது, சென்னையில் அச்சாகும் நூல்கள் என்பதால் கூடுதலாகவே உறுத்துகிறது. கறுப்புத் தாளில் கைரேகை எளிதில் படியும். ஆகவே வடை தின்ற கையோடு போகக் கூடாது. முன்பு இணையக் கடை ஒன்றில் வாங்கிய பிரதி, நான்கு முனையும் மழுங்கி வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து நேரில் போய்த்தான் வாங்குகிறேன்.

கையில் பணம் குறைவாக இருந்தால், 'ஃப்ளூக் புக்ஸ்' என்ற குறிப்பேடுகளைக் கேட்டு வாங்குங்கள். மையின் அளவு சரிபார்ப்பதற்காக ஒரே தாளில் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்த சோதனை அச்சுகளே அவற்றின் அட்டைகள் என்பதால், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. என்னிடம் இருக்கும் குறிப்பேட்டில் ஒரு மீனின் வயிற்றுக்குள்ளிருந்து மரக்கிளை முளைக்கிறது. அப்படி வரைய யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.