செட்டிநாட்டு வெளிச்சத்துக்கு ஏற்ற இயல்பான ஒப்பனை: எதற்கு எது மேல்?

முகத்தில் எதுவும் பூசாததுபோல் இருக்க வேண்டும், ஆனால் படத்தில் முகம் தெளிவாக விழ வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் ஒப்பனை செய்துகொள்ளும் பெண்கள் பலர் இன்று கேட்பது இதைத்தான். பழுப்பு, செங்கல், மங்கிய ரோஜா போன்ற அடக்கமான வண்ணங்களைக் கொண்டே இதைச் சாதிக்கலாம். ஆனால் அவற்றைக் கிரீமாக வாங்குவதா பவுடராக வாங்குவதா, முகம் முழுவதும் பூசுவதா வேண்டிய இடத்தில் மட்டும் பூசுவதா என்பதில்தான் விளைவு மாறுகிறது. தோலின் நிறத்தோடு, நிற்கப்போகும் இடத்தின் வெளிச்சத்தையும் சேர்த்தே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் நிறத்தின் சங்கதி. முகம் முழுவதும் பூசும் பவுண்டேஷன், கறைகளை மறைக்கும் கன்சீலர், அழுத்திய பவுடரான காம்பாக்ட் எல்லாவற்றிலும் நிறத்தைத் தருபவை பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகளும், வெண்மைக்காகச் சேர்க்கப்படும் டைட்டானியம் டை ஆக்ஸைடும்தான். வெளிர் ஷேடுகளில் வெள்ளையின் பங்கு கூடுதல். ஆகவே தோல் நிறம் என்ற பொருளில் ‘நியூட்’ என்று பெயரிட்டு விற்கப்படும் வெளிர் நிறமொன்றை மாநிறத்திலோ கறுப்பிலோ பூசினால் முகம் பொலிவதில்லை, சாம்பல் பூத்துப்போகிறது. ஒரு ஷேடு வெளிறிப்போவதைவிட அரை ஷேடு ஆழமாக இருப்பது மேல் என்பது என் துணிபு. கடையில் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பதால் பயனில்லை. தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, கால் மணி நேரம் விட்டு, வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சில பவுண்டேஷன்கள் தோலின் எண்ணெயோடு சேர்ந்ததும் சற்றுக் கருத்துவிடும். மஞ்சள் பூசிக் குளித்த நாளில் இந்தச் சோதனையே கூடாது. மஞ்சளின் சாயம் தோலில் தங்கி, இல்லாத மஞ்சள் நிறத்தை இருப்பதாகக் காட்டிவிடும்.

இனி அடிப்பூச்சு. போட்டி மூன்று பேருக்குள்: முழுமையாக மூடும் லிக்விட் பவுண்டேஷன், நிறமேற்றிய சன்ஸ்கிரீன் அல்லது மெலிதாக நிறம் தரும் பிபி கிரீமோடு ஆங்காங்கே கன்சீலர், வெறும் காம்பாக்ட். பவுண்டேஷனின் பலம் நீடிப்பு. விடியற்காலையில் பூசியது வரவேற்பு முடியும்வரை நிற்கும். அதன் பலவீனம் நம் ஊர் வெயில். 40 டிகிரியை ஒட்டும் சித்திரை, வைகாசியில் கனமாகப் பூசிய பவுண்டேஷன் மூக்கோரத்திலும் மேலுதட்டின் மேலும் திட்டுத்திட்டாகப் பிரியும்; பிரிந்த பிறகு அதன்மேல் எதைப் பூசினாலும் ஒட்டாது. காம்பாக்ட் விரைவானது, கைப்பையில் அடங்குவது. ஆனால் வறண்ட கன்னத்தில் அது தோலின் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்காட்டும். வியர்வை பட்டால் ஈரமும் பொடியும் கலந்து கோடு விழும். எண்ணெய் வழியும் முகத்துக்கு மட்டும் அதை முதன்மையாக வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் உள்ள வழியே எனக்கு உகந்தது. நிறமேற்றிய சன்ஸ்கிரீனை மெல்லப் பரப்பி, கண்ணுக்குக் கீழும், மூக்கின் இரு பக்கமும், பரு வடு இருக்கும் இடத்திலும் மட்டும் கன்சீலரை விரல் நுனியால் தட்டிக் கலந்துவிட்டால், தோல் தோலாகவே தெரியும். கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மங்கைக் கருக்கச் செய்வதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு இருக்கிறது. நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை, இரும்பு ஆக்ஸைடு கலந்தது தடுக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பெட்டியில் அச்சிட்ட, வெயில் காப்பின் அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசி அளந்தது. ஒப்பனைக்காக யாரும் அவ்வளவு பூசுவதில்லை. ஆகவே வெயிலில் நிற்க வேண்டியவர்கள் அடியில் தனியாக ஒரு சன்ஸ்கிரீன் பூசி, அது ஊறிய பிறகே பிபி கிரீமுக்குப் போக வேண்டும். மணப்பெண்ணுக்கு மட்டும் பவுண்டேஷனை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதையும் ஈர ஸ்பாஞ்சால் ஒரே மெல்லிய படலமாக ஒற்றிப் பூச வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றமான வளவில் வெளிச்சம் மேலே திறந்த வானத்திலிருந்து நேராக இறங்குகிறது. அது நெற்றியையும் மூக்கின் மேட்டையும் துலக்கிவிட்டு, புருவத்தின் கீழும் கண்ணின் கீழும் நிழலை விட்டுச்செல்லும். நிழல் தீட்டி முகத்தைச் செதுக்கிக் காட்டும் கான்டூரின் வேலையை அந்த வெளிச்சமே செய்துவிடுவதால், கன்னத்தில் பழுப்புக் கோடு இழுப்பது வீண்; கண்ணடியில் கருமையைச் சமன்செய்யும் ஆரஞ்சு சாயல் கொண்ட கரெக்டர் ஒரு துளி வைத்து, அதன்மேல் கன்சீலர் தட்டுவதே உருப்படியான காரியம். வீட்டின் முன்பகுதியான முகப்பிலோ கதையே வேறு. தேக்குத் தூண்களுக்கும் மரக்கூரைக்கும் இடையே மஞ்சள் விளக்கு எரியும்போது, வளவில் அளவாகத் தெரிந்த, கன்னத்துச் சிவப்பான பிளஷ் பாதியாக மங்கிவிடும். இதோடு ஃபிளாஷ் வேறு. துத்தநாக ஆக்ஸைடு மிகுந்த சன்ஸ்கிரீனும், சிலிக்கா கலந்த நிறமற்ற பவுடரும் ஃபிளாஷில் வெள்ளைத் திட்டாக விழக்கூடும். இரவு வரவேற்புக்கு இவை இரண்டையும் தவிர்த்து, தோல் நிறப் பவுடரையே கொள்ள வேண்டும்.

பிளஷில் கிரீமா பவுடரா என்றால், இயல்பான தோற்றத்துக்குக் கிரீம்தான். தோலுக்குள்ளிருந்து வந்த சிவப்புபோல் அது கலந்துவிடும். பவுடர் பிளஷ் கூடுதல் நேரம் நிற்கும்; ஆனால் கை சற்றுத் தாராளமானால் கன்னத்தில் வட்டம் தெரியும். கிரீமை முதலில் தடவி, அதன்மேல் அதே நிறப் பவுடரைப் பிரஷ் நுனியால் தொட்டுவிட்டால் இரண்டின் பலனும் கிடைக்கும். மாற்றிச் செய்தால், அதாவது பவுடரின்மேல் கிரீமை வைத்தால், திரண்டுபோகும். வெளிர் பீச் நிறம் நம் தோலில் சுண்ணாம்பு பட்டதுபோல் நிற்கும். செங்கல், சுட்ட மண், ஆழ்ந்த ரோஜா ஆகியவை பொருந்தும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் அரக்குக்கும் கடுகு மஞ்சளுக்கும் அருகில் செங்கல் நிறமே இணக்கமாக இருக்கிறது. செட்டிநாட்டுத் திருமணத் தாலியான கழுத்திருவோ காசுமாலையோ அணிந்த கழுத்தின்மேல் நீலச் சாயல் கொண்ட பிங்க், முகத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிடும்.

கண்ணுக்கு அதிகம் வேண்டாம். இமையில் மினுக்கமில்லாத ஒரே ஒரு மேட் பழுப்பு, மடிப்பில் அதைவிட ஒரு படி ஆழம். கறுப்புக் கண் மையா, பழுப்புப் பென்சிலா என்பதில் வீட்டுப் பெரியவர்கள் மை பக்கமே நிற்பார்கள். மை இல்லாத கண்ணைக் கண்டால் உடம்புக்கு என்ன என்று கேட்கும் அப்பத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். கீழ் இமை முழுவதும் மை தீட்டினால் மதியத்துக்குள் கண்ணடியில் இறங்கிவிடும் என்பதால், மேல் இமையின் முடி வேரில் பழுப்புப் பென்சிலை அழுத்தி, கீழே வெளிக்கோணத்தில் மட்டும் மையைத் தொடுவது இருவருக்கும் சம்மதமாகும். கலினா என்ற ஈயக் கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா வகைகளைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது.

உதட்டில்தான் நியூட் மிகுதியாகத் தோற்றுப்போகிறது. நம்மில் பலருக்கு மேலுதடு கருத்தும் கீழுதடு சிவந்தும் இருக்கும். மெல்லிய லிப் பாமோ லிப் கிளாஸோ போட்டால் இரண்டு உதடும் இரண்டு நிறமாகவே தெரியும். மேட் லிக்விட் லிப்ஸ்டிக் இந்த வேறுபாட்டை மறைக்கும். ஆனால் வறண்டு, விருந்து இலையிலிருந்து எழுவதற்குள் உட்பக்கம் உரிந்துவிடும். இரண்டைவிடவும் சாதாரண கிரீம் லிப்ஸ்டிக்கே நல்லது. பழுப்பு லிப் பென்சிலால் கீழுதட்டின் ஓரத்தைச் சற்று நிரப்பி மேலுதட்டோடு நிறத்தைச் சமன்செய்த பிறகு, பழுப்பு கலந்த ரோஜாவைத் தடவி, டிஷ்யூவால் ஒற்றி, மீண்டும் ஒரு முறை தடவ வேண்டும். சாப்பிட்ட பின் பென்சில் நிறம் தங்கியிருக்கும். லிப்ஸ்டிக்கை மட்டும் விரலால் தொட்டு வைத்தால் போதும். முகத்துக்கும் அப்படியே: வியர்வையை டிஷ்யூவால் ஒற்றியெடுத்த பிறகுதான் காம்பாக்டைத் திறக்க வேண்டும், அதுவும் நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும்.