ஆட்டுக்குட்டி எடைக்கு அனோவாவா, மிக்ஸட் மாடலா?

எம்.வி.எஸ்ஸி. (கால்நடை மருத்துவ முதுநிலை) ஆய்வுக்காக 24 வெள்ளாட்டுக் குட்டிகளை எட்டெட்டாகப் பிரித்து வளர்த்தேன். ஒரு குழுவுக்கு வெறும் புல், அடுத்ததற்குப் புல்லோடு அடர்தீவனம், மூன்றாவதற்குப் புல்லோடு வேலிமசால் என்ற பயறுவகைப் பசுந்தீவனம். 90 நாள், 15 நாளுக்கு ஒருமுறை எடை. முதல் நாளையும் சேர்த்தால் குட்டிக்கு ஏழு, மொத்தம் 168 எடை. இதை எந்த முறையில் அலசுவது என்று நிறைய அலைந்துவிட்டு, தீவனத்தின் விளைவோடு குட்டிக்குக் குட்டி உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கிற மிக்ஸட் மாடலுக்கு வந்து சேர்ந்தேன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

குழுக்களின் சராசரியை இரண்டிரண்டாக ஒப்பிட்டு டி-டெஸ்ட் போடுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஒன்றையொன்று சாராத பத்து டெஸ்டை 5 சதவீத அளவில் போட்டால், ஒன்றாவது பொய்யாக 'வித்தியாசம் உண்டு' என்று சொல்ல 40 சதவீத வாய்ப்பு. அனோவா வந்ததே எல்லாக் குழுக்களின் சராசரியையும் ஒரே டெஸ்டில் பார்க்கத்தான்.

90-ஆம் நாள் எடை மட்டும் போதும் என்றால் சாதாரண ஒருவழி அனோவாவே போதும். ஆரம்ப எடையையும் கணக்கில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஐந்து நிமிட வேலை. மற்ற ஆறு எடைகளையும் எதற்கு எடுத்தோம் என்ற கேள்விக்குத்தான் பதில் இருக்காது. குழுக்கள் எந்தக் கட்டத்தில் பிரிந்தன என்பதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

அதற்குக் கைடு சொன்னது ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா, அதாவது ஒரே குட்டியைத் திரும்பத் திரும்ப அளந்த எடைகளுக்கான அனோவா. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

நான்காவது எடைக்குப் பிறகு அடர்தீவனக் குழுவில் ஒரு குட்டி செத்தது. ஐந்தாவது எடை நாளில் விடியும்போதே நல்ல மழை. தொங்கு தராசில் சாக்குத் தொட்டில் கட்டி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தோம். வரிசையில் கடைசியாக நின்றது வேலிமசால் குழு. அதில் நான்கு குட்டிகளை எடை போடவே முடியவில்லை. நனைந்த குட்டியைத் தூக்கினால் மழைத்தண்ணீருக்கும் சேர்த்துத்தானே எடை விழும்!

ஆக, காணாமல் போனது ஏழே ஏழு எண். ஆனால் ரிப்பீட்டட் மெஷர்ஸுக்கு ஒரு குட்டியின் வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலே அந்தக் குட்டி முழுவதும் வெளியே. ஐந்து குட்டிகள் போயின. அவற்றோடு, ஒழுங்காக எடுத்த 28 எடைகளும் குப்பைக்குப் போயின. எட்டெட்டாக இருந்த குழுக்கள் எட்டு, ஏழு, நான்கு என்று ஆயின. எஸ்பிஎஸ்எஸ் இதற்காகச் சத்தமும் போடாது. அட்டவணையில் எண்ணிக்கை 19 என்று இருப்பதை நாம்தான் பார்க்க வேண்டும். நான் பார்த்தது இரண்டு நாள் கழித்து.

சராசரியைப் போட்டு காலிக் கட்டத்தை நிரப்பிவிடு என்று சீனியர் ஒருவர் சொன்னார். வளர்கிற குட்டிக்கு அது பொய்க்கணக்கு.

மிக்ஸட் மாடலில் ஒரு எடைக்கு ஒரு வரி. இல்லாத எடைக்கு வரியே இல்லை, அவ்வளவுதான். 24 குட்டிகளும் 161 எடைகளும் கணக்கில் நின்றன. செத்த குட்டி கூட தன் நான்கு எடைகளோடு. ஆர் மென்பொருளில் எழுதுவது ஏறக்குறைய இப்படி: எடை ~ தீவனம் * நாள் + (1 | குட்டி). பெருக்கல் குறி, தீவனத்துக்குத் தீவனம் வளர்ச்சி வேகம் மாறுகிறதா என்று கேட்கிறது. அடைப்புக்குறி, ஒரே குட்டியின் எடைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை என்று சொல்கிறது. இந்த முறை கால்நடைக்காரர்களுக்கு அந்நியமும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹெண்டர்சன் இதன் சமன்பாடுகளை வளர்த்ததே பொலிகாளைகளைத் தரம் பிரிக்கத்தான். பண்ணைக்குப் பண்ணை மாறுகிற, ஓட்டை விழுந்த பதிவேடுகள்தான் அவர் கையில் இருந்தவை. அனோவாவைப் பரப்பிய ஃபிஷரின் 1925 புத்தகமோ ரோதம்ஸ்டட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது எழுதியது. பாத்தி வேலி தாண்டி ஓடாது, குட்டி மாதிரி இடையில் காணாமல் போகாது.

தொல்லைகளும் உண்டு. ஆரில் மிக்ஸட் மாடல் போடும் எல்எம்இ4 தொகுப்பு தானாக பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) தராது. அதற்கு வேறொரு தொகுப்பைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் தனி வளர்ச்சி வேகம் கொடுத்துப் பார்த்தேன், 'சிங்குலர்' என்று, அதாவது இருக்கிற தரவுக்கு மாடல் அதிகச் சிக்கல் என்று எச்சரித்தது. எளிய மாடலுக்கே திரும்பினேன். அது சரியா என்று இன்றும் முழு நம்பிக்கை இல்லை. எந்தக் குழு எதிலிருந்து வேறுபடுகிறது என்று காட்டும் டங்கன் டெஸ்டின் ஏ, பி, சி எழுத்துகளைத் தேடிப் பழகிய தேர்வாளருக்கு வேறு தனியாக விளக்க வேண்டியிருந்தது.

குட்டி செத்ததற்குத் தீவனமே காரணம் என்றால் எந்த மாடலை நம்புவதும் கஷ்டம். அந்தச் சாவைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நான் ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தொட்டியில் தீவனம் வைத்தேன். எட்டுக்கும் ஒரே தொட்டி என்றால் எட்டுக் குட்டி என்று எண்ண முடியாது, மொத்தப் பட்டியும் கணக்கில் ஒன்றுதான். குழுவுக்கு ஒரே பட்டியை வைத்துக்கொண்டு மிக்ஸட் மாடலுக்குப் போனாலும் தப்பிக்க முடியாது. குடற்புழு முட்டை எண்ணிக்கை மாதிரியான தரவுக்கு நான் இதைப் போட்டுப் பார்த்ததில்லை. எடைக்கு என்றால், மறுபடி செய்தாலும் இதேதான். தராசுக்கு மேல் ஒரு தார்ப்பாய் மட்டும் கட்டிக்கொள்வேன்.