முனகும் பவர் ஸ்டீயரிங் பம்ப்: சீல் கிட்டா, வேறு பம்பா?

பழைய குவாலிஸ், ஆக்சென்ட் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய சத்தம்தான். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் இடுக்கில் வண்டியைத் திருப்பினால் பவர் ஸ்டீயரிங் பம்ப் (ஸ்டீயரிங் லேசாகத் திரும்ப ஆயிலை அழுத்தித் தருவது) 'ஊங்' என்று முனகும். ('கீச்' என்றால் அது பெரும்பாலும் பெல்ட், முதலில் அதைப் பாருங்கள்.)

பம்பின் ரப்பர் சீல்களை மட்டும் மாற்றும் சீல் கிட்டுக்குச் செலவு குறைவு. ஆனால் அது ஒழுகலையும் காற்று இழுப்பதையும் மட்டும்தான் நிறுத்தும். முதலில் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். அளவு குறைந்து நுரைத்திருந்தால் எங்கோ காற்று புகுகிறது. டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம், ஷாஃப்ட் சீல் (பம்பின் சுழலும் தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம்) போயிருக்கலாம். வெடித்த ஹோஸுக்குப் புது ஹோஸும் கிளாம்பும், போன சீலுக்குக் கிட்டும் போதும். ஆயில் கறுத்து, விரலில் தொட்டால் வெள்ளிப்பொடி போல மின்னினால் உள்ளே இரும்பு தேய்கிறது. அதற்குக் கிட் போடுவது காசுக்குக் கேடு.

மாற்றுவதென்றால் புதுசுதான். காயலான் கடைப் பம்ப் மலிவு. அது எவ்வளவு தேய்ந்ததென்று கடைக்காரருக்கே தெரியாது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் தினமும் வளைத்து ஓட்டுபவர் யோசிக்காமல் புதுப் பம்பே போடலாம். நாகர்கோவிலுக்குள் மட்டும் ஓடும் வண்டி, ஆயிலில் வெள்ளிப்பொடியும் இல்லையென்றால் கிட்டைப் போட்டுப் பார்க்கலாம்.

எதுவானாலும் மெக்கானிக்கிடம் பழைய ஆயிலை முழுக்க வடித்து, புது ஆயில் ஊற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை ஓடவிடாமல் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிக் காற்றை எடுக்கச் சொல்லுங்கள்.