எம்35ஏ2: எஞ்சின் எதையும் குடிக்கும், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்

அமெரிக்க ராணுவம் கழித்துக்கட்டிய எம்35ஏ2 லாரி ஒன்று மலிவாக ஏலத்துக்கு வந்திருக்கிறது, எடுத்துவிடவா என்று நண்பர் கேட்டார். இரண்டரை டன் சுமை ரகம், மூன்று ஆக்சிலும் இழுக்கும், 24 வோல்ட், பவர் ஸ்டீயரிங் கிடையாது. இதெல்லாம் அவருக்கே தெரியும். அவர் கேட்டது எஞ்சினைப் பற்றி. எனக்கு வாயில் வருவதெல்லாம் பிரேக்தான்.

எஞ்சினைச் சீக்கிரம் முடித்துவிடலாம், திட்டுவதற்கு அதில் அதிகம் இல்லை. எல்.டி.டி.-465, 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ. டீசலோ மண்ணெண்ணெயோ விமான எரிபொருளோ, ஊற்றினால் ஓடும். எரிபொருளின் அடர்த்தி பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கும் காம்பென்சேட்டர் ஒன்று இன்ஜெக்‌ஷன் பம்பில் இருக்கிறது. வயதானால் முதலில் கசிவது அதுதான். டீசல் தவிர வேறெதுவும் ஊற்றப் போவதில்லை என்றால் அதை பைபாஸ் செய்துவிடலாம். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் தாங்காது. இன்னும் இழுவை வேண்டுமென்று பம்பைத் திருகும் ஆசை வந்தால், முதலில் எக்ஸாஸ்டில் புகையின் சூடு காட்டும் பைரோமீட்டர் மாட்டுங்கள். மற்றபடி ஏற்றத்தில் அந்த டர்போ ஊதும் விசிலுக்காகவே பல குற்றங்களை மன்னிக்கலாம்.

பிரேக்கை மன்னிக்க முடியாது. காற்று உதவியோடு ஆயில் தள்ளும் அமைப்பு. பெடலுக்குக் கீழே ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர், அடுத்து காற்றழுத்தத்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் ஒரே ஒரு ஏர்-பேக் பூஸ்டர், அங்கிருந்து ஆறு வீல் சிலிண்டருக்கும் ஒரே சர்க்யூட். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரிக்கவே இல்லை. எந்த மூலையில் ஒரு ரப்பர் கப் கிழிந்தாலும், ஒரு ஹோஸ் வெடித்தாலும், பெடல் நேராகத் தரைக்குப் போகும். காற்று குறைந்தால் அலற பஸ்ஸர் உண்டு, பிரேக் ஆயில் போனால் அலற எதுவும் இல்லை. காற்றழுத்த முள் 100 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டி ஜம்மென்று நிற்கும், வண்டி நிற்காது. ஹேண்ட் பிரேக், ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும் ஒற்றை டிரம். நிறுத்தி வைத்த வண்டிக்கு அது போதும். ஓடுகிற ஆறு டன்னை அது பிடிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ராணுவம் இதில் ஊற்றியது ஊதா நிற டாட் 5 ரக சிலிக்கான் பிரேக் ஆயில். அது தண்ணீரை உறிஞ்சாது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். உறிஞ்சாது, சரி. ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் எங்கே போகும்? சிலிக்கானைவிடக் கனம் என்பதால் வீல் சிலிண்டரின் அடியில் போய்த் தேங்கி, சிலிண்டரின் உள்சுவரில் குழி குழியாகத் துரு பிடிக்க வைக்கும். அந்தக் குழியில் உரசித்தான் கப் கிழிகிறது. வண்டி ஓடாமல் நிற்க நிற்க இது கூடும். பழைய உரிமையாளர் சாதாரண பிரேக் ஆயிலான டாட் 3 ஊற்றிக் கலந்திருந்தால் எல்லா ரப்பரையும் மாற்றி, லைன்களைக் கழுவி எடுப்பதைத் தவிர வழியில்லை. டாட் 5-ஐக் குலுக்காமல் மெதுவாக ஊற்றுங்கள். குமிழி பிடித்தால் மணிக்கணக்கில் அடங்காது, பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது முதலில் ஏர்-பேக், பிறகுதான் சக்கரங்கள்.

இதற்கு மேல் ஹப் சீல் வேறு. பின் ஆக்சிலின் கியர் ஆயில் சீலைத் தாண்டி, பேரிங் கிரீஸைக் கழுவிக்கொண்டு, பிரேக் லைனிங்கில் போய் நனைக்கும். நனைந்த லைனிங்கைக் கழுவிப் போடும் வேலை வேண்டாம், தூக்கிப் போடுங்கள். சீல் மாற்றியும் திரும்பத் திரும்ப ஒழுகுகிறதா? ஆக்சில் மேலே இருக்கும், உள்காற்றை வெளியேவிடும் பிரீதரைப் பாருங்கள். பெயின்ட்டும் மண்ணும் அடைத்திருக்கும். சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தள்ளிவிடும். ஐந்து நிமிட வேலை, ஒரு பைசா செலவில்லை, பலரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

சக்கரமும் ஹப்பும் கழற்றும்போது: எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். சக்கரத்தை மாட்டும் இடப்பக்க ஸ்டட்களில் ‘எல்’ என்று குத்தியிருக்கும், அது ரிவர்ஸ் மரை; தெரியாமல் நான்கடி பைப் போட்டு இழுத்தால் ஸ்டட் முறியும். ஆக்சில் ஷாஃப்டை உருவியதும், வாஷரின் காதை நிமிர்த்தி, 3 அங்குல சாக்கெட்டால் வெளி நட், பிறகு உள் நட். உளியும் சுத்தியலும் வைத்து நட்டை அடிக்கிறவர்கள் பேரிங்குக்குக் குழி தோண்டுகிறார்கள். பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தாமல் டிரம் வராது. ஹப்பும் டிரம்மும் சேர்ந்தே வரும், தனி ஆள் தூக்கும் கனமில்லை. மாட்டும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும், அளவு டி.எம். 9-2320-361-20 ராணுவக் கையேட்டில் இருக்கிறது, கை உணர்வை நம்பாதீர்கள். இரட்டைச் சக்கரத்தில் உள் சக்கரத்தின் நட்டைத் தனியாக இறுக்க வேண்டும். அதற்கு வெளி நட்டைத் தளர்த்தியாக வேண்டும் என்பதால் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள், ஸ்டட் அறுந்துபோகும்.

இந்த வண்டி வாங்கியதும் எல்லோரும் செய்யும் மாடிஃபிகேஷன், 9.00-20 இரட்டை டயரைக் கழற்றிவிட்டு 395/85ஆர்20 ஒற்றை டயர் போடுவது. பார்க்கக் கம்பீரம்தான். டயர் உயரம் சுமார் 40 அங்குலத்திலிருந்து 46-க்குப் போகிறது. அதே எஞ்சின் சுற்றில் வேகம் 15 சதவீதம் கூடும். அதே மிதிக்குப் பிடிக்கும் பலம் ஏறக்குறைய அதே அளவு குறையும். டயருக்கும் ரிம்முக்கும் கொட்டும் பணத்தில் பாதியை முதலில் பிரேக்குக்குப் போடலாம்: இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், இரண்டாவதாக ஒரு ஏர்-பேக், முன் ஆக்சிலுக்குத் தனி லைன். தரைக்கடியில் பிராக்கெட் வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும், லைன்களைப் புதிதாக வளைக்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலை, வெளியே எதுவும் தெரியாது, ஃபோட்டோவுக்கு ஆகாது. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

நண்பருக்கு என் பதில், வேண்டாம். எஞ்சின் நல்லது, ஃபிரேம் நல்லது, ஆக்சிலை உடைக்க முடியாது, உதிரிபாகம் இன்னமும் கிடைக்கிறது. எல்லாம் உண்மை, இருந்தாலும் வேண்டாம். கேட்க மாட்டார் என்பதும் தெரியும். போய்ப் பார்ப்பதென்றால் பானெட்டைத் திறக்கும் முன் வண்டிக்கடியில் படுத்து, டிரம்முக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு பேக் பிளேட்டின் கீழ் விளிம்பையும் விரலால் தடவுங்கள். ஊதாப் பிசுக்கு என்றால் வீல் சிலிண்டர். கறுத்து, கந்தக நாற்றம் அடித்தால் ஹப் சீல். ஒரே சக்கரத்தில் இரண்டும் இருந்தால் மற்ற ஐந்தையும் அப்படியே எண்ணிக்கொண்டு விலை பேசுங்கள்.