சூடாகும் பழைய லேப்டாப்: பிராசசரை மாற்றவா, பேஸ்ட் மட்டும் போதுமா?

யாங்கோனில் ஏப்ரல் மாத வெயிலை நமக்குச் சொல்லித் தர வேண்டாம். அதோடு கரண்டும் போய் ஃபேன் நின்றுவிட்டால், மடியில் லேப்டாப்பா அடுப்பா என்றே தெரியாது. என் 2012 திங்க்பேட் டி430-க்கு இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, பிராசசரை, அதாவது கணக்குப் போடும் முக்கியச் சிப்பை, மாற்றுவது. இந்த மாடலில் அது சாக்கெட் என்ற பொருத்துக்குழியில் உட்கார்ந்திருப்பதால் கழற்றலாம். ஐந்தாம் தலைமுறை முதலான இன்டெல் லேப்டாப்களில் பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. என்னுடையது இரண்டு கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதி), 35 வாட் (வெளியிடும் சூட்டின் அளவு) ஐ5-3320எம். நான்கு கோர் ஐ7-3740க்யூஎம் போட்டால் 45 வாட். வேகம் கூடும், சூடும் கூடும். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறவனுக்கு மூட்டையை ஏற்றிவிடுகிற கதைதான். நான்கு கோர்தான் வேண்டுமென்றால் 35 வாட்டிலேயே ஐ7-3632க்யூஎம் உண்டு; வாங்கும்போது சாக்கெட்டில் பொருந்துகிற வகைதானா என்று பாருங்கள், அதே பெயரில் பற்றவைக்கும் வகையும் இருக்கிறது.

இரண்டாவது, சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றுவது. திறந்து பார்த்தேன்: ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) துடுப்புகளுக்கு இடையே தூசி கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது, சிப்பிலிருந்து அதற்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. காற்று போக வழியில்லை என்றால் எந்தச் சிப்பும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். “மெதுவாக ஓடுகிறது” என்று நாம் புலம்புவதில் பாதி இதுதான்.

நான் பேஸ்ட் மாற்றி, மிச்சக் காசில் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போட்டுக்கொண்டேன். வீடியோ எடிட்டிங் செய்கிறவராக இருந்தால் 35 வாட் ஐ7 சரி, அதுவும் சுத்தம் செய்த பிறகுதான்.