வெளிநாட்டில் படிப்பிக்கப் போகிற டீச்சர்மார் கவனம்: ‘மெடிக்கல்’ என்று வெட்டிய 3,600 திர்ஹம்

3,600 திர்ஹம். துபாயில் ஒரு தனியார் பாடசாலையில் படிப்பிக்கிற என் தங்கச்சியின் சம்பளத்தில், மருத்துவக் காப்புறுதி என்று சொல்லி மாதம் 300 வீதம் ஒரு வருடம் முழுக்க வெட்டியிருக்கிறார்கள். எங்கட இலங்கைக் காசில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். இந்தக் கிழமைதான் கணக்கு முழுதாகக் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இன்னும் பிள்ளைகள் இதே வழியால் போகிறார்கள், அதனால் ஆறப்போடாமல் எழுதுகிறேன். பே சிலிப்பில் எதைப் பார்க்கவேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

துபாயின் 2013 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை செய்பவருக்குக் காப்புறுதி எடுப்பதும் அதன் கட்டுப்பணத்தைக் கட்டுவதும் வேலை கொடுப்பவரின் பொறுப்பு. சம்பளத்தில் அதைப் பிடிக்க முடியாது. காப்புறுதி இல்லாமல் விசாவும் அடிக்க முடியாது, ஆகவே பாடசாலை எப்படியும் வாங்கித்தான் இருக்கும்.

நம்பவைத்தது இங்கே, நகரில் இருக்கிற ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில். “டீச்சர், மெடிக்கலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எல்லாம் ஸ்கூல் பொறுப்பு” என்று சொல்லி, ஒரு காப்புறுதி அட்டையையும் மேசையில் எடுத்து வைத்துக் காட்டினார் அங்கே இருந்த மனுசன். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் “நீங்கள் பயப்பிடாதேங்கோ அம்மா” என்று ஆறுதல் வேறு. அந்த இருப்பிலேயே ஒஃபர் லெட்டருக்குக் கீழே இன்னொரு தாளை வைத்து, “இது விசாவுக்குக் குடுக்கிற ஃபோர்ம்” என்று ஒப்பம் வாங்கினார். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: மருத்துவ, நிர்வாக வசதிகளுக்கு மாதம் 300.

இங்கே தனியார் பாடசாலைகளில் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) 8 வீதம் வெட்டிப் பழகின எங்கட ஆக்களுக்கு, பே சிலிப்பில் ஒரு வெட்டு இருந்தால் கேள்வி வராது. அது தெரிந்துதான் செய்கிறார்கள். ஈ.பி.எஃப். உங்கள் பெயரில் சேருகிற காசு, முதலாளியும் 12 வீதம் போடுகிறார். இது போனால் போனதுதான்.

கிளினிக்கில் அட்டையைக் கொடுத்தபோதுதான் அது மாதம் 4,000 திர்ஹம் வரை சம்பளம் எடுப்பவர்களுக்கான அடிப்படைத் திட்டம் என்று தெரிந்தது. அதன் விலை ஆண்டுக்குச் சில நூறு திர்ஹம். வெட்டினது 3,600! பில்லில் 20 வீதத்தைக் கவுண்டரில் கையால் கட்டச் சொன்னது முறையானது, துபாயின் அடிப்படைத் திட்டத்தில் அந்தப் பங்கு உண்டு. ஆனால் அது வருத்தம் வந்தால் மட்டும் கட்டுவது. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பாடசாலையின் எச்.ஆர். இல் கேட்டால் “கம்பனி பொலிசி”. அக்கவுண்ட்ஸில் கேட்டால் “போன வருசக் கணக்கு மூடியாச்சு”. கட்டுப்பணம் கட்டின ரசீதைக் காட்டச் சொன்னால் “அது உள் விசயம்”. ஏஜென்சிக்குப் போன் எடுத்தால் “அது அங்கத்தைச் சட்டம் தங்கச்சி, எல்லாருக்கும் வெட்டுறதுதான்”. சட்டத்தின் இலக்கத்தை எழுதி அனுப்பின பிறகு வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும், பதில் இல்லை. 3,600 திர்ஹம் ஒரு டீச்சரின் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம்!

இப்போது முறைப்பாட்டு வேலையில் நிற்கிறேன், அதனால் சுருக்கமாக. அங்கத்தைத் தொழில் அமைச்சில் பதிந்த ஒப்பந்தத்தை அதன் செயலியில் இறக்கி, ஏஜென்சி தந்த தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ‘மெடிக்கல்’ என்று வெட்டு இருந்தால் யாருக்கான கட்டுப்பணம் என்று ஈமெயிலில் கேளுங்கள், வாயால் கேட்கவேண்டாம். துபாயில் நீங்கள் கூட்டிப்போன துணைக்கும் பிள்ளைகளுக்கும் என்றால் அது உங்கள் செலவாக இருக்கலாம், உங்களுக்கே என்றால் விடாதீர்கள். சார்ஜா, அஜ்மான் பக்கம் போகிறவர்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல் காப்புறுதி கட்டாயம், அடிப்படைத் திட்டம் ஆண்டுக்கு 320 திர்ஹம், அதுவும் வேலை கொடுப்பவர் தலையில். இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியும்போது கிடைக்கிற காப்புறுதி வேறு, அதைக் காட்டி ஏமாற்றினால் நம்பவேண்டாம். பே சிலிப்புகளை ஒவ்வொரு மாதமும் சேமியுங்கள். வேலையை விடும்போது ‘எல்லாக் கொடுப்பனவும் கிடைத்தது’ என்ற தாளை நீட்டுவார்கள், வெட்டின காசு பாங்கில் விழாமல் அதில் ஒப்பம் வைக்கவேண்டாம்.