‘நன்கொடை’ ரசீது தரும் போதை மறுவாழ்வு மையங்கள்: மதுரைக்காரர்கள் கவனிக்க

குடியை மறக்கச் செய்கிறோம் என்று மதுரையைச் சுற்றிலும் மின்கம்பம் தவறாமல் துண்டறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை நம்பி, மேலூர் சாலைப் பக்கம் உள்ள ஒரு மையத்தில் என் அக்கா தன் கணவரைச் சேர்த்தாள். புகார் நிலுவையில் இருப்பதால் அந்த மையத்தின் பெயரை எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இதே வேலையைச் செய்யும் மற்ற இடங்களையும் அதை வைத்து நீங்கள் கண்டுகொள்ளலாம்.

மாமா கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர், வேலையில் கெட்டிக்காரர். குடி முற்றி, காலையில் ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். அக்கா தொலைபேசியில் விசாரித்த அன்றே, “நீங்கள் அலைய வேண்டாம் அம்மா, நாங்களே வண்டி அனுப்புகிறோம்” என்றார்கள். வண்டியில் வந்த தடியர்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கைகூடக் கழுவவிடாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டிக்கு மட்டும் 6,000 ரூபாய். மூன்று மாதச் சிகிச்சைக்கு 60,000 ரூபாய், முழுவதும் முன்பணம்.

அலுவலக அறையின் சுவர் முழுவதும் கண்ணாடிச் சட்டங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல், வருமான வரி விலக்குச் சான்று, ஐஎஸ்ஓ சான்றிதழ், யாரோ ஒரு பிரமுகர் பொன்னாடை போர்த்தும் படம். முத்திரையும் கையெழுத்துமாகப் பார்க்கப் பெரிய மருத்துவமனை போலவே இருந்தது. ஆனால் நோயாளியை உள்ளே வைத்துச் சிகிச்சை செய்ய அனுமதி தரும் தாள் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அறக்கட்டளையை யாரும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு அன்னதானம் செய்யலாம், மருத்துவம் செய்ய முடியாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றாக வேண்டும். அதோடு, நோயாளிகளின் புகார்களைக் கேட்கும் மனநலச் சீராய்வு மன்றத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். நோயாளியே சம்மதித்துச் சேர்வது ஒரு வகை. முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லாதபோது வீட்டார் சேர்ப்பதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு: ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாட்கள்தான். மாமாவை எந்த மருத்துவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

முதல் மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்றார்கள். “குடும்பத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும்” என்பது அவர்கள் சொன்ன காரணம். போனில் பேசினால் ஒலிபெருக்கியைப் போட்டுப் பக்கத்திலேயே ஒருவர் நிற்பார். “நன்றாக இருக்கிறேன்” என்பதைத் தவிர மாமா வேறெதுவும் சொல்லவில்லை.

நேரில் பார்க்க விட்டபோது மொட்டைத் தலையோடு வந்தார். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை. அக்கா பேச்சோடு பேச்சாகக் கைப்பொத்தானைக் கழற்றி மேலே ஏற்றிவிட்டாள். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டது போலக் கருத்த தழும்பு. அன்றே சண்டை போட்டு அழைத்து வந்துவிட்டோம்.

உள்ளே நடந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். சேர்ந்த மூன்றாம் நாள் இரவு உடம்பு உதறி, சுவரெல்லாம் பூச்சி ஊர்வதாகக் கத்தியிருக்கிறார். கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள். கட்டிய நிலையிலேயே வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். முன்பு அங்கே நோயாளியாக இருந்த ஒருவர்தான் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஏதோ மாத்திரைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். உடம்பு தேறியதும் பாத்திரம் கழுவும் வேலை, கூலி கிடையாது.

நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவரும் செவிலியரும் அருகில் இருக்க வேண்டியது அந்த நாட்களில்தான். சங்கிலியால் கட்டுவது, வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பது, வேலை வாங்குவது எல்லாவற்றையும் சட்டம் தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் மேலூர் சாலையில் கட்டிலும் கயிறும் இருக்கின்றன என்றால் என்ன சொல்வது!

மீதிப் பணத்தைக் கேட்டபோதுதான் ரசீதை ஒழுங்காகப் படித்தோம். ‘நன்கொடையாகப் பெற்றுக்கொண்டோம்’ என்று அச்சாகியிருந்தது. சிகிச்சை என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. நன்கொடையைத் திருப்பித் தரும் வழக்கமில்லையாம், சிரித்துக்கொண்டே சொன்னார் மேலாளர். பதிவில்லாமல் நடத்துபவருக்கு முதல் முறை அபராதம் 5,000 முதல் 50,000 ரூபாய் வரைதான். குறைந்தபட்சம் என்று பார்த்தால், எங்களிடம் வாங்கிய வண்டி வாடகையே அதைவிட அதிகம். சிரிக்கத்தானே செய்வார்!

யாரையாவது சேர்ப்பதாக இருந்தால் ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள முகவரியும் காலாவதித் தேதியும் சரிதானா என்று பாருங்கள். இரவில் எந்த மருத்துவர் இருப்பார் என்று கேளுங்கள். “பெரிய டாக்டர் வாரம் ஒருமுறை வருவார்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மாமா இப்போது அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளியாக மாத்திரை வாங்குகிறார், காசு செலவில்லை. எங்கே போவதென்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

காவல் நிலையத்தில் எங்கள் மனுவைக் ‘குடும்பத் தகராறு’ என்று ஒதுக்கப் பார்த்தார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து எண் வாங்கியிருக்கிறோம், ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். இதே போன்ற நன்கொடை ரசீது வைத்திருக்கும் குடும்பங்கள் அதைக் கிழித்துப் போடாமல், ஆளுக்கொரு மனுவாகக் கொடுங்கள். பல மனுக்கள் சேர்ந்தால் குடும்பத் தகராறு என்று சொல்ல முடியாது.